டோக்கன் ஆணியில் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அரிசி டப்பாவுக்கு மேல் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுதத் தோன்றியது. ஏனென்றால் இன்றைக்குத்தான் எனக்கு நாற்காலி கொடுத்தார்கள்.

பத்தொன்பது வருடம் இந்தப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டினேன். வலது கையில் கடைசி மூன்று விரலும் மரத்துப் போய்விட்டன. ஊசி குத்தினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். டாக்டர் இனி மிஷினே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். லைன் இன்சார்ஜ் சென்னியப்பன்தான் ஆபீசில் பேசினார். "துளசியக்கா பத்தாவது படிச்சவங்க. மணி பாத்து எழுதற வேலைக்குப் போட்டுக்கலாமுங்க." பேனா பிடிக்க இரண்டு விரல் போதும், இல்லையா.

வேலை இதுதான். எங்கள் லைனில் முப்பத்து நாலு பெண்கள். பாத்ரூம் போக இரண்டு டோக்கன். சிவப்பு ரெக்சினை வட்டமாக வெட்டி நாடா கோத்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஆணி. டோக்கனை எடுத்த நேரம், திரும்ப மாட்டிய நேரம், இரண்டையும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ஏழு நிமிடம் கணக்கு. தாண்டினால் சிவப்பு மை. மூன்று சிவப்புக்கு ஒரு வார்னிங். மூன்று வார்னிங் சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே.

நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்தேன். கண் எரிகிறது.

மார்ச் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் நானே நடந்து பார்த்தேன். என் நாற்காலி லைன் வாசலில். பாத்ரூம் வெளியே, ஜெனரேட்டர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வாசலில் இருந்து பார்த்தால் தெரியாது. போக ஒன்றரை நிமிடம், வர ஒன்றரை நிமிடம். மிச்சம் நாலு. மூன்று லைனுக்கும் சேர்த்து ஆறு கதவு, ஒரே குழாய். காலை பத்தரைக்குப் போய்ப் பார்த்தால் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஏழு என்று வைத்தது யாராவது ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

நிரஞ்சனா மேடத்திடம் கேட்டேன். அவர்தான் ஹெச்.ஆர். இருபத்தாறு வயது இருக்கும். நல்ல பெண்தான், பேசும்போது கையைப் பிடித்துக்கொண்டு பேசும்.

"இது யாரையும் புடிக்கறதுக்கு இல்லக்கா. சும்மா டேட்டா. நேரம் எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ண முடியும்?"

நேரம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மூத்திரம் போகப் போகிறது. சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். ஆளுக்கு ஒரு ரோஜா, ஒரு லட்டு. லட்டு சாப்பிட லைனைப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இருபது பேர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாத்ரூமுக்கு ஓடினார்கள். அதற்கு டோக்கன் வேண்டாம் என்றார் மேடம். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 12, புதன்

ஏழாவது மிஷின் பவுன்தாய்க்கு இன்று இரண்டாவது வார்னிங். இரண்டுக்கும் சிவப்பு மையில் எழுதியது என் கைதான்.

தேனிப் பக்கத்துப் பெண். முப்பது வயது. புருஷன் வீரணன் இங்கேயே குடோனில் லோடு ஏற்றுகிறான். மகள் ஊரில் பாட்டியிடம் படிக்கிறாள். பவுன்தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை டோக்கன் எடுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. "ஏன்டி இப்படி?" என்று கேட்டேன்.

"கிட்னில கல்லுக்கா. டாக்டரு மூணு லிட்டர் தண்ணி குடின்றாரு. குடிச்சா இங்கிட்டு வரணும். குடிக்கலைன்னா வலியில உசுரு போகுது. போயி உக்காந்தாலும் சொட்டுச் சொட்டாத்தேன் வருது. நான் என்னக்கா செய்யட்டும்?"

"சீட்டைக் கொண்டு போய் மேடத்துகிட்டக் காட்டு."

"காட்டிட்டேன்க்கா. பாவமாத்தேன் பாத்தாங்க. ரெஸ்ட் எடுத்துட்டு, சரியானதும் வாங்கன்னாங்க. ரெஸ்ட்டுன்னா என்னான்னு நமக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். ரெஸ்ட்டுக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

மார்ச் 17, திங்கள்

பன்னிரண்டாவது மிஷின் கோகிலா மூளைக்காரி. திரும்பி வரும்போது அவள் கழுத்தில் இரண்டு டோக்கன் தொங்கியது. ஒன்று அவளுடையது, ஒன்று பவுன்தாயுடையது. இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்து நின்றாள்.

"அவ எங்கடி?"

"பின்னால வர்றாங்க்கா. ரெஜிஸ்டர்ல டோக்கன் வந்த நேரந்தானுங்க்கா எழுதோணும்? ஆள் வந்த நேரம்னு தலைப்புல இல்லைங்கல்ல?"

பார்த்தேன். இல்லைதான். 'டோக்கன் வெளியே', 'டோக்கன் உள்ளே' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். ஆறு நிமிடம் என்று எழுதினேன். பவுன்தாய் எட்டு நிமிடம் கழித்து, சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பி இருந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தாள். கள்ளி, சிரிப்பு வேறு.

எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பவுன்தாய் 12, 9, 15. எழுதியது 6, 6, 6.

மார்ச் 19, புதன்

பவுன்தாய் 11, 14, 10, 13. எழுதியது 6, 6, 5, 6.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மணியைப் பார்த்துவிட்டேன், எங்கேயாவது எழுத வேண்டியிருக்கிறது. பதினைந்து நாளில் இது ஒரு வியாதியாகிவிட்டது. வீட்டுக்காரர் குளிக்க எட்டு நிமிடம், பால் பொங்க நாலு நிமிடம்.

மார்ச் 22, சனி

லைன் முழுக்கப் பரவிவிட்டது. யாருக்கு வயிறு சரியில்லையோ, யாருக்கு மாதவிலக்கோ, டோக்கனைக் குழாயடியில் கழற்றித் திரும்புகிறவள் கழுத்தில் போட்டு விடுகிறார்கள். டோக்கன் ஆணிக்கு வந்துவிட்டால் அடுத்தவளும் போகலாம். எல்லாருக்கும் லாபம். என் ரெஜிஸ்டரில் சிவப்பு மையே இல்லை. முப்பத்து நாலு பேரும் வெள்ளைக்காரன் ஊர் ரயில் மாதிரி நேரத்துக்கு வந்து போகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த நாளில் இருந்து யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை. இன்று ஏழெட்டுப் பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பவுன்தாய் கருவாட்டுத் தொக்கு வைத்தாள். காரம்.

மார்ச் 29, சனி

மாதக் கூட்டம். மூன்று லைனில் எங்கள் லைன்தான் முதல். சராசரி ஆறு நிமிடம். நிரஞ்சனா மேடம் எல்லாரையும் கை தட்டச் சொன்னார். ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மூடி சரியாக உட்காரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இன்று முதல் ஆறு நிமிடம்.

முட்டாள் தினத்துக்கு யாரோ ஒட்டியது என்றுதான் முதலில் நினைத்தேன். மேடம் விளக்கினார். "எல்லாரும் ஆறு நிமிஷத்துல வந்துடறாங்கன்னு உங்க ரெஜிஸ்டரே சொல்லுதேக்கா. அப்ப ஏழு எதுக்கு?"

நான் எழுதிய ஆறு. நான்தான்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கோகிலா மட்டும், "அப்ப இனி அஞ்சுன்னு எழுதுங்க்கா" என்றாள். எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. தகரக் கூரை. அயர்ன் டேபிளில் இருந்து ஆவி வேறு. எல்லா மிஷினிலும் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலமும் அதே அளவில் இருக்கிறது. உதட்டை நனைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். குடித்தால் போக வேண்டுமே.

பவுன்தாய் பாட்டிலும் இன்று நிறைந்தே இருந்தது. "குடிக்கலையா?" என்றேன். "ஆறுல எங்கிட்டுக்கா போயிட்டு வர? எத்தனை தடவதேன் அடுத்தவ கழுத்துல மாட்டி விட?" என்றாள். ஒரு டோக்கன் வந்தது, எழுதினேன்.

ஏப்ரல் 9, புதன்

பவுன்தாய் 2.40. எழுதியது 5.

வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று நடந்தது.

மதியம் 2.40க்கு பவுன்தாய் டோக்கனை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. 2.45க்கு கோகிலா இரண்டு டோக்கனோடு வந்து மாட்டினாள். எழுதினேன். 3.31க்கு பாத்ரூம் கழுவுகிற ராக்கம்மா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டாவது கதவு ரொம்ப நேரமாகச் சாத்தியே இருக்கிறது, தட்டினால் சத்தம் இல்லை, குனிந்து பார்த்தால் கால் தெரிகிறது என்றாள். மெக்கானிக்குகள் கதவை உடைத்தார்கள். மயங்கி விழுந்தபோது தலை குழாய் முனையில் அடித்திருக்கிறது. வேனில் ஏற்றி கோயம்புத்தூர் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

இன்று வேலைக்குப் போனேன். ஏழாவது மிஷினில் வேறு பெண். நான் மணி பார்த்தேன், எழுதினேன். சாப்பிட்டேன். வந்து துணி துவைத்தேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நிரஞ்சனா மேடம் கூப்பிட்டார். ரெஜிஸ்டர் அவர் மேசையில் இருந்தது. புதன்கிழமைப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"ரொம்பக் கஷ்டமா இருக்குக்கா. ராத்திரி தூக்கமே இல்ல." கண் சிவந்துதான் இருந்தது. "ஆனா கம்பெனி சைடுல நமக்கு ரெக்கார்டுதானே முக்கியம். 2.45க்கு உள்ள வந்துட்டாங்க. அதுக்கப்புறம் டோக்கன் இல்லாம, பர்மிஷன் இல்லாம மறுபடியும் போயிருக்காங்க. அப்ப அது வேலை நேரத்து விபத்துன்னு நாம எழுதிக் கொடுக்க முடியாது. ரெஜிஸ்டர்ல இருக்கறது சரிதான்னு நீங்க ஒரு சைன் மட்டும் போடணும்."

சென்னியப்பனும் நின்றிருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து நாளைக்குப் போடறனுங்க. கை மரத்துக் கெடக்குது" என்றேன். பொய் இல்லை.

"பாத்துக்கங்கக்கா. உங்க ரெஜிஸ்டர்தான் நம்மைக் காப்பாத்துது."

வெளியே வந்ததும் சென்னியப்பன் பின்னாலேயே வந்தார். "அக்கா, நீங்க ஒண்ணு சொன்னீங்க, நா நம்புனேன். அந்தப் பேச்ச எடுக்க வேண்டாம். ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. வேப்பம்பூ ரசம் வைத்தேன். கசப்புத் தெரியவில்லை. வீட்டுக்காரர், "பூவே போடலியா?" என்றார். கை நிறையப் போட்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு வீரணன் வந்தான். வாசலிலேயே நின்றான். தாடி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கண்ணு முழிச்சிட்டாக்கா. வலது பக்கம் கையும் காலும் அசையல. கம்பெனில விபத்துன்னு எழுதித் தந்தாத்தேன் மேக்கொண்டு வைத்தியம் ஓடும்ன்றாங்க. ஆபீசுல, அவ சொல்லாம போனான்றாங்க. எம் பொண்டாட்டி சொல்லாமக் கொள்ளாம போறவளாக்கா? லேபர் ஆபீசுல மனு கொடுத்திருக்கேன். அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொல்லியிருக்காக."

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்கதேன் எழுதுவீகன்னு சொல்லுவா. துளசியக்கா நல்லாப் பாத்துக்குவாகன்னு சொல்லுவா."

மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். மூன்று நிமிடம் நின்றிருந்தான். போய்விட்டான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மேடம் இரண்டு தடவை ஆள் விட்டார். மகளுக்குக் காய்ச்சல், வேறு யோசனையில் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு மகளே கிடையாது. மேடத்துக்கு அது தெரியாது. என்ன டேட்டாவோ.

சாப்பாட்டு நேரத்தில் கோகிலாவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். கோகிலா இளைத்துவிட்டாள்.

"அக்கா, டோக்கன் குடுத்து உடற விசயம் வெளிய வந்தா முப்பத்து நாலு பேருமே பொய் டயத்துல போயிட்டு வந்தோம்னு ஆயிருமுங்க. எல்லாருத்துக்கும் வார்னிங் அடிப்பாங்க. எனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்குதுங்க்கா."

"அப்ப நா கையெழுத்துப் போட்டறவா?"

கோகிலா அழுதாள். "நாந்தானுங்க்கா அத மாட்டுனேன்" என்றாள். மணி அடித்தது. போய்விட்டார்கள்.

ஏப்ரல் 17, வியாழன்

லீவு சொல்லிவிட்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையில் கட்டு. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. பேச்சு குழறுகிறது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். இடது கையால் என் கையைப் பிடித்தாள். மரத்த விரல்களைத்தான் பிடித்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என்னமோ கேட்டாள். புரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். மறுபடியும் கேட்டாள்.

"டோக்கன... மாட்டிட்டாளாக்கா?"

மாட்டிவிட்டாள் என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவிநாசியில் இறங்கி வாந்தி எடுத்தேன். அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஏப்ரல் 18, வெள்ளி

பத்தாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. எழுதவில்லை.

3.05க்கு சென்னியப்பன் என் நாற்காலிக்கு வந்தார். ஏழாவது மிஷின் காலியாக இருக்கிறதே, பவுன்தாய் எங்கே என்று கேட்டார். அவள் உள்ளே வரவில்லை என்று எனக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்திருக்கிறவள் நான். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது என்பதும் தெரியும். இத்தனை நேரம் அவள் எடுத்ததே இல்லை என்பதும் தெரியும். ஆனால் இல்லை என்று சொன்னால் டோக்கன் விஷயம் வெளியே வரும், அவளுக்கு நேரே மூன்றாவது வார்னிங்.

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினேன். "2.45க்கே வந்துட்டாளுங்க. செக்கிங் டேபிள்ல ஆள் பத்தலைன்னாங்க, அங்க போயிருப்பா" என்றேன். டோக்கன் ஆணியில் இருந்தது. அவரும் பார்த்தார். போய்விட்டார்.

அவள் அங்கே கிடந்தாள். நான் இங்கே அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் இருபத்தாறு நிமிடம். பக்கம் சுத்தமாக இருக்கிறது, சிவப்பு மை இல்லை என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுதும்போது என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மில்லில் வாட்ச்மேன் வேலை அவருக்கு. அதிகம் பேச மாட்டார். கேட்டுவிட்டுச் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டே இருந்தார்.

"சொன்னீன்னா நாக்காலி போயிரும்."

"போயிருமுங்க."

"அந்தக் கையை வெச்சுட்டு வேற எங்க போவ?"

"தெரியலைங்க."

வாரை இழுத்துப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சில்ல" என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். உன் பேர் வரும், என் பேர் முதலில் வரும் என்றேன். "நானும் வர்றனுங்க்கா" என்றாள். வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இன்று தண்ணீர் பாட்டில்களை எண்ணினேன். முப்பத்து நாலும் நிறைந்திருக்கின்றன.

ஏப்ரல் 23, புதன்

டைரி இப்போது என்னிடம் இல்லை. இதைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதுகிறேன்.

லேபர் ஆபீசில் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஆபீசர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் நிரஞ்சனா மேடமும் சென்னியப்பனும். இன்னொரு பக்கம் வீரணன். மேடம் ரெஜிஸ்டரை நீட்டினார். மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கம்.

"இது உங்க எழுத்தாம்மா?" என்றார் ஆபீசரம்மா.

"என்னுதுதானுங்க. ஆனா பொய்யிங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கன் கொடுத்து விடுவது, ஏழு ஆறானது, 3.05. சென்னியப்பன் தரையைப் பார்த்தார். நிரஞ்சனா மேடம், "அக்கா, யோசிச்சுப் பேசுங்க" என்றார். குரல் நடுங்கியது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு மேலதிகாரி இருக்கிறான், அவளுக்கும் யாரோ நேரம் குறிக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. பாவம்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

"அஞ்சு நிமிஷம்னு எழுதினவங்க இப்ப மாத்திச் சொல்றீங்க. எதை நம்பறது?" என்றார் ஆபீசரம்மா.

பையில் இருந்து டைரியை எடுத்து வைத்தேன். அவர் புரட்டிப் புரட்டிப் படித்தார். பவுன்தாய் 12, 9, 15. எழுதியது 6, 6, 6. டிபன் பாக்ஸ். வேப்பம்பூ ரசம். எல்லாவற்றையும் படித்தார். ஃபேன் ஓடியது.

"ஆக, நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல அவங்க உள்ள கிடந்திருக்காங்க. வேலை நேரத்துல, டோக்கன் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அம்பத்தொண்ணுங்க. 2.40ல இருந்து 3.31."

அதை எழுதிக்கொண்டார். வீரணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். வாசலில் கோகிலா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "நாந்தானுங்க டோக்கனை மாட்டுனது" என்றாள், யாரும் கேட்காமலேயே.

நான் சொன்னதை எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். காலையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, அப்படியும் அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. "பாத்ரூம் போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, சுவரில் ஆணியைத் தேடினேன்.

ஆபீசரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமாம்மா? போயிட்டு மெதுவா வாங்க."

போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போடப் பயமாக இருந்தது, போடவில்லை. அங்கே உட்கார்ந்துதான் அழுதேன், பவுன்தாய்க்காக, பதினாலு நாள் கழித்து. வெளியே கோகிலா நிற்பது கதவுக்கு அடியில் தெரிந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.